அழி சொல்லையா, சொல்லை அழியா?

விம், ஹீலிக்ஸ், ஈமாக்ஸ் மூன்றும் நிரல் எழுதும் எடிட்டர்கள், விசைப்பலகையை மட்டும் வைத்தே ஓட்டலாம். நிரலில் மேற்கோள் குறிக்குள் ஒரு கோப்பின் பெயர் இருக்கிறது, அதை மாற்ற வேண்டும். விம்மில் சி, ஐ, மேற்கோள் குறி என்று மூன்றே விசை. கர்சர் மேற்கோளுக்குள் எங்கே நின்றாலும் சரி, உள்ளே இருப்பது துடைக்கப்பட்டு புதுப் பெயரைத் தட்டத் தயாராகிவிடும். ஹீலிக்ஸில் எம், ஐ, மேற்கோள் குறி, அப்புறம் சி. ஒரு விசை கூடுதல். ஈமாக்ஸில் மேற்கோள் குறியின் மேல் போய் நின்று கன்ட்ரோல்-மெட்டா-கே (மெட்டா என்பது இன்றைய ஆல்ட்) அடித்தால் குறியும் சேர்ந்தே போய்விடும்.

விசையை எண்ணினால் விம்தான் ஜெயிக்கும். ஆனால் விஷயம் வரிசையில் இருக்கிறது. விம்முக்கு வினை முதலில்: 'அழி, சொல்லை'. ககூன் எடிட்டரின் வழியில் வந்த ஹீலிக்ஸுக்கு 'சொல்லை, அழி'. நாம் பேசுகிற வரிசையும் அதுதானே! இதில் இன்னொரு லாபமும் உண்டு. விம்மில் டி, 5, டபிள்யூ என்று அடிக்கும் முன் ஐந்து சொல்லா ஆறா என்று மனசுக்குள் எண்ண வேண்டும். ஹீலிக்ஸில் எது போகப்போகிறது என்பது முதலிலேயே நிறம் மாறித் தெரியும். பார்த்துவிட்டு வெட்டலாம்.

ஒரு ஃபங்ஷனுக்குள் ஒரே பெயர் பத்து இடத்தில் வருகிறது என்று வையுங்கள். ஹீலிக்ஸில் எம், ஏ, எஃப் அடித்தால் ஃபங்ஷன் முழுதும் தேர்வாகும். எஸ் அடித்து பெயரைக் கொடுத்தால் பத்து கர்சர். சி அடித்து ஒருமுறை எழுதினால் போதும். இதில் நான் சூடுபட்டதும் உண்டு: 'ஐ', 'டி' என்ற இரண்டெழுத்துப் பெயரைத் தேடப்போய், அகலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் வயிற்றில் கிடந்த அதே இரண்டெழுத்தும் மாறிவிட்டது. விம்மில் பெயரின் மேல் நின்று நட்சத்திரக் குறி, பிறகு சி, ஜி, என். புதுப் பெயரை எழுதி எஸ்கேப் அடித்தபின் புள்ளி, புள்ளி என்று தட்டிக்கொண்டே போகலாம், வேண்டாததை 'என்' விசை அடித்துத் தாண்டலாம். அந்தப் புள்ளி ஒரு வரம். ஹீலிக்ஸின் புள்ளி கடைசியாகத் தட்டச்சிட்டதை மட்டும்தான் திருப்பிச் செய்யும். அங்கே போனபின் எனக்கு ஏக்கமாக இருப்பது இது ஒன்றுதான்.

ஈமாக்ஸ் வேறு ஊர். விம்மின் மூதாதையான விஐயும் ஈமாக்ஸும் 1976இல் முளைத்தவை. பெர்க்லியில் பில் ஜாய் விஐ எழுதிய ஏடிஎம்-3ஏ டெர்மினலில் ஹெச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்புக்குறிகள் அச்சிட்டிருந்தன, விம்மில் இன்றும் கர்சரை நகர்த்துவது அவைதான். எஸ்கேப் இன்றைய டேப் இருக்கும் இடத்தில். ஈமாக்ஸ் பிறந்த எம்ஐடியின் லிஸ்ப் எந்திர (லிஸ்ப் மொழிக்கென்றே செய்த கணினி) விசைப்பலகைகளிலோ கன்ட்ரோல் ஸ்பேஸ்பாரை ஒட்டி. இன்றைய லேப்டாப்பில் இரண்டுமே தொலைவுக்குப் போய்விட்டன. அதனால்தான் கேப்ஸ்லாக்கை விம்காரர் எஸ்கேப்பாக்குகிறார், ஈமாக்ஸ்காரர் கன்ட்ரோலாக்குகிறார். அதைச் செய்யாமல் ஈமாக்ஸ் பழகினால் சுண்டுவிரல்தான் பாவம். ஆனால் நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட்டுக்கு மேகிட், குறிப்புகளுக்கு ஆர்க் மோட் என்று அங்கே கிடைப்பது வேறெங்கும் அப்படிக் கிடைக்காது. விம் விசைகள்தான் வேண்டுமென்றால் ஈவில் மோட் என்ற நீட்சியைப் போட்டுக்கொள்ளலாம்.

என்னைக் கேட்டால் முதல் இரண்டு வாரம் விம் விசைகள். விம்முடனே வரும் பயிற்சியான விம்டியூட்டர் அரை மணி நேர வேலை. எந்த லினக்ஸ் சர்வரில் நுழைந்தாலும் பெரும்பாலும் விஐ இருக்கும். விஎஸ் கோடிலும் அதே விசைகளை நீட்சியாகப் போடலாம். விம்மின் புதிய வடிவமான நியோவிம்மின் அமைப்புக் கோப்பை மட்டும் இப்போதைக்குத் தொடாதீர்கள். நான் ஒரு வாரம் முழுக்க நிற அமைப்பு மாற்றிக்கொண்டிருந்தேன், ஒரு வரி நிரல் எழுதவில்லை. அந்த வம்பே வேண்டாம் என்றால் ஹீலிக்ஸ்: மொழிச் சர்வர் (நிரலின் பிழையைக் காட்டி, பெயர்களை நிரப்பித்தரும் துணை நிரல்) ஆதரவு கூடவே வரும், ஜி அல்லது எம் அடித்தால் அடுத்து என்னென்ன அடிக்கலாம் என்று பெட்டியில் காட்டும்.

தமிழில் எழுதும்போது மட்டும் கணக்கு மாறும். கணினியின் தமிழ் உள்ளீட்டைப் போட்டுவிட்டு விம்மில் எஸ்கேப் அடித்துக் கட்டளை நிலைக்கு வந்து, கர்சரைக் கீழே இறக்க ஜே தட்டினால், விம்முக்குப் போவது ஒரு தமிழ் எழுத்து, கர்சர் அசையாது. ஒவ்வொரு முறையும் மொழியை மாற்றி மாற்றி வர வேண்டும், ஹீலிக்ஸிலும் இதே கதை. ஈமாக்ஸில் தமிழ் உள்ளீடு உள்ளேயே இருக்கிறது. கன்ட்ரோல்-பேக்ஸ்லாஷ் அடித்தால் தமிழ், மறுபடி அடித்தால் ஆங்கிலம், கன்ட்ரோல் கட்டளைகள் இரண்டிலும் அப்படியே வேலை செய்யும். நிரலை ஹீலிக்ஸில் எழுதும் நான் இந்தப் பத்திகளை ஈமாக்ஸில்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன்.