5 கிகாஹேர்ட்ஸ் என்று சொல்லித் தந்த கம்ப்யூட்டர்: பம்பலப்பிட்டிப் பக்கம் போகிறவர்கள் கவனம்

கொழும்பு பம்பலப்பிட்டியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் காசு கொடுத்து என் ப்ரொசெசரை ஓவர்க்ளொக் செய்வித்தேன், அதாவது கம்ப்யூட்டரின் மூளையான அந்தச் சிப்பைக் கம்பனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட வைத்தேன். எட்டு மாதம் கழித்து அந்தச் சிப், கடைக்குக் கொண்டுபோன நாளில் இருந்த நிலையில்கூட இல்லை. இதே வேலைக்குப் போக நினைக்கிறவர்கள் இதை ஒரு தடவை வாசித்துவிட்டுப் போங்கள்.

நான் வெள்ளவத்தையில் இருந்து கலியாண வீடியோ எடிட் செய்கிறவன். என்னிடம் இருந்தது இன்டெல் ஐ5-9600கே, இசட்390 மதர்போர்ட். இந்த வரிசைச் சிப்புகளில் பெயரில் இலக்கத்துக்குப் பின் 'கே' இருந்தால்தான் பெருக்கியை, அதாவது வேகத்தைத் தீர்மானிக்கும் எண்ணை, உயர்த்த முடியும், அது சரியாகவே இருந்தது. சிப்புக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் ஆறு கோரும் சேர்ந்து ஓடும்போது கம்பனி வைத்த வேகம் 4.3 கிகாஹேர்ட்ஸ். கடைக்காரர், "5.0இல விடலாம் தம்பி, ஒண்டும் ஆகாது. கூலரும் போட்டுத் தாறன்" என்றார். வேலைக்கு 8,000 ரூபா, லிக்விட் கூலருக்குத் தனிக் காசு.

அடுத்த நாள் பின்னேரம் போனேன். கடையில் நல்ல ஏசி. வேகத்தைச் சோதிக்கும் சினிபெஞ்ச் மென்பொருளை ஒரு தடவை ஓட்டிக் காட்டினார், திரையில் 5.0 நின்றது. இரண்டு நிமிடம்கூட இல்லை. நான் சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டு வந்தேன். பில்லில் 'சேர்விஸ்' என்று ஒரே ஒரு சொல்.

என் அறையில் ஏசி இல்லை. கொழும்பில் மத்தியானம் அறைக்குள் 31, 32 பாகை சாதாரணம். கூலரால் சுற்றியிருக்கும் காற்றைவிடக் குளிர்ச்சியாக்க முடியாது. கடையில் 22 பாகையில் காட்டிய கணக்கில் பத்துப் பாகையை அப்படியே கூட்ட வேண்டும். முதல் கிழமையே நீலத்திரை வந்தது, 'க்ளொக் வாட்ச்டொக் டைம்அவுட்' என்று. தொலைபேசியில் கேட்டால் "விண்டோஸைத் திரும்பப் போடுங்கோ" என்றார்கள். போட்டேன். கொஞ்ச நாள் குறைந்தது, பிறகு திரும்ப வந்தது. ஒரு நாள் மூன்று மணித்தியால வீடியோ எக்ஸ்போர்ட்டில் 90 சதவீதத்தில் நின்றுவிட்டது. மறுநாள் காலை மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொடுக்க வேண்டிய வேலை அது.

அப்புறம்தான் சிப்பின் சூட்டையும் வோல்டேஜையும் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளை நானே திறந்து வைத்துப் பார்த்தேன். கோர் வோல்டேஜ் 1.47. மதர்போர்டின் அமைப்புத் திரையான பயோஸுக்குள் போனால் கையால் 1.45 என்று போட்டு, வேலை கூடும்போது வோல்டேஜ் இறங்காமல் பிடித்துவைக்கும் லோட்லைன் கலிப்ரேஷனை உச்சத்தில் வைத்திருக்கிறார்கள். இந்தச் சிப்புகளில் பல 1.3, 1.35 வோல்ட்டிலேயே 5.0ஐத் தொடும். உங்கள் சிப்புக்கு எவ்வளவு தேவை என்று பொறுமையாகத் தேடிப் பார்க்க நேரமில்லாதவர் செய்கிற வேலைதான் ஒரேயடியாக 1.45. சூடு வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறும். 1.2இல் 4.3 ஓடிய சிப்பை 1.45இல் 5.0 ஓட்டினால் உள்ளே எரியும் மின்சாரம் ஏறத்தாழ 70 சதவீதம் கூடும்.

எக்ஸ்போர்ட் தொடங்கி ஏழு நிமிடத்தில் 100 பாகை. அதுதான் அந்தச் சிப்பின் எல்லை, தொட்டதும் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 5.0 இறங்கி இறங்கி 4.2இல் நின்றது. காசு கொடுப்பதற்கு முன் 4.3 இருந்த சிப்!

மூடியைக் கழற்றிக் கூலரின் குழாய்களைத் தொட்டுப் பார்த்தேன். ஒன்று கையை வைக்க முடியாத சூடு, மற்றது குளிர்ந்துபோய்க் கிடந்தது. தண்ணீர் சரியாக ஓடவில்லை. பம்பின் வயரைப் பிடித்துக்கொண்டே போனால், அதைக் கேசிங் ஃபேனுக்கான முனையில் குத்தி, அந்த முனையைப் பயோஸில் 'சைலன்ட்' என்று விட்டிருக்கிறார்கள். பம்ப் எப்போதும் முழு வேகத்தில் ஓட வேண்டிய பொருள். எட்டு மாதமாக அரை உயிரில் சுற்றியிருக்கிறது.

இப்போது கம்பனி அமைப்புக்கே திருப்பிவிட்டேன். அதிலும் வோல்டேஜைக் கொஞ்சம் கூட்டினால்தான் நீலத்திரை இல்லாமல் நிற்கிறது. அளவுக்கு மீறிய வோல்டேஜும் சூடும் சேர்ந்தால் சிப் மெல்ல மெல்லத் தேயும், அதுதான் நடந்தது என்று நம்புகிறேன். ஓவர்க்ளொக்கால் வந்த சேதத்துக்கு இன்டெல் வாரண்டி கிடையாது. கடைக்காரரோ "நீங்கள்தானே செய்யச் சொன்னீங்கள்" என்றார்.

ஒழுங்காகச் செய்கிறவர் ஒரு நாளில் கையில் தரமாட்டார். பெருக்கியை ஒவ்வொன்றாக உயர்த்தி, நீலத்திரை வந்தால் மட்டும் வோல்டேஜை 0.01, 0.02 என்று கூட்டி, ஒவ்வொரு தடவையும் சிப்பை முழுப் பலத்தில் ஓட்டிச் சோதிக்கும் ப்ரைம்95 அல்லது ஓசிசிடி மென்பொருளைப் போட்டுப் பார்ப்பார். ரேமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை அப்போது தொடவே மாட்டார், இல்லாவிட்டால் பிழை எதிலிருந்து வந்தது என்றே தெரியாது. கடைசிச் சோதனையை உங்கள் அறையில், மத்தியான வெயிலில், சில மணித்தியாலம் ஓட விடுங்கள். நான் 85 பாகைக்கு மேல் போனால் ஏற்கமாட்டேன். வேகம், வோல்டேஜ், எந்தச் சோதனை, எத்தனை மணித்தியாலம் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் அந்தக் கடை வேண்டாம்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைக்கலாம், ஆனால் முறைப்பாட்டை வேலை செய்வித்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். எனக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. அண்மையில் இப்படிச் செய்வித்தவர்கள் இன்றிரவே வோல்டேஜைப் பாருங்கள். 9600கேயில் 1.4க்கு மேல் தெரிந்தால் பயோஸை டிஃபோல்டுக்குத் திருப்பிவிட்டு, பில்லை எடுத்துத் திகதியைப் பாருங்கள்.