அப்பாவுக்கு வாங்கிய பி.பி. மெஷின்: நாலு மாதம் கழித்து

கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் ஒரு மெடிக்கலில் வாங்கினேன். மேல்கையில் பட்டை கட்டுகிற வகை. மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். பத்துக்கு ஏழு கொடுப்பேன், அந்த மூன்று எங்கே போனது என்று அப்புறம் சொல்கிறேன்.

அப்பாவுக்கு 68. காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு. போன வருடத்திலிருந்து காலைத் தூக்கி வைக்காமல் தரையில் தேய்த்துத் தேய்த்து நடக்கிறார், முன்பெல்லாம் வாயாலேயே போடுகிற கூலிக் கணக்குக்கு இப்போது அரை நாள் பிடிக்கிறது, வயசாகிவிட்டது என்று நாங்களும் விட்டுவிட்டோம். எம்.ஆர்.ஐ. எடுத்தால் மூளைக்குள் அங்கங்கே வெள்ளைத் திட்டு. சிறு ரத்தக்குழாய் நோயாம். கட்டி எதுவும் இல்லை என்றதும் எங்களுக்கு உயிர் வந்தது, ஆனால் நரம்பு டாக்டர் முகத்தில் சிரிப்பில்லை. பக்கவாதத்தில் ஏறக்குறைய நாலில் ஒன்று இந்தச் சிறு குழாய்களால்தான் வருகிறது, மறதி நோயிலும் இதற்குப் பெரிய பங்கு உண்டு என்றார்.

தோப்புக்காரர் என்று தெரிந்ததும் சொட்டுநீர்க் குழாயை வைத்தே விளக்கினார். மெயின் லைன் நன்றாகத்தான் இருக்கும், மரத்தடிக்குப் போகிற மெல்லிசு டியூப்தான் வெயிலில் விறைத்து ஓரிடத்தில் அடைக்கும், ஓரிடத்தில் கசியும். மூளையின் மெல்லிய குழாய்களுக்கு உள்சுவராக ஒரே அடுக்கில் செல்கள் ஒட்டியிருக்கின்றன. முதுமை வந்தால் அவை பிரிந்து பெருகுவதை நிறுத்திவிடுகின்றன, ஆனால் சாவதும் இல்லை. இருந்த இடத்திலிருந்தே அழற்சி உண்டாக்கும் பொருள்களைக் கக்கிப் பக்கத்துச் செல்லையும் கெடுக்கின்றன. குழாயை விரிய வைக்கும் நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது. செல்லுக்கும் செல்லுக்கும் நடுவில் இருக்கும் இறுக்கமான ஒட்டு தளர்ந்து, ரத்தத்தோடு போக வேண்டியது மூளைக்குள் கசிகிறது. மூளைக்குள் ஒயர் மாதிரி ஓடுகிற வெண்பகுதி அதில் அடிபடுகிறது, படத்தில் தெரிந்த திட்டு அதுதான்.

அப்பா கேட்டது ஒரே கேள்வி: "அப்ப அந்த டியூபை மாத்த முடியாதுங்களா?"

முடியாது. முதுமையடைந்த செல்களை மட்டும் தேடி அழிக்கிற மருந்துகள் இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கின்றன. உயர் ரத்த அழுத்தம் இந்தச் செல்களைச் சீக்கிரம் கிழமாக்குகிறது, அதையாவது பிடித்து வைக்கலாம், மெஷின் வாங்குங்க என்றார். 2019இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மேல் அளவை 120க்குக் கீழே கொண்டுவரச் சிகிச்சை பெற்றவர்களுக்கு, 140க்குக் கீழ் போதும் என்று வைத்தவர்களைவிட வெள்ளைத் திட்டு வளர்வது குறைவாக இருந்தது. (அதைப் படித்துவிட்டு நாமாக மாத்திரையைக் கூட்டிக்கொள்ளக் கூடாது, தலைசுற்றி விழுந்தால் அது வேறு கதை.)

சரி, குறைந்த மூன்று மதிப்பெண். பெட்டியோடு வந்த பட்டை 22 முதல் 32 செ.மீ. சுற்றளவுள்ள கைக்கு. அப்பாவுடையது மம்பட்டி பிடித்த கை, தையல் டேப்பில் 35. பட்டை சின்னதாக இருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும், அது தெரியாமல் பத்து நாள் 160க்கு மேலேயே பார்த்து வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. பெரிய பட்டை தனியாக வாங்கிக் கட்டினால் 144, 146. கடையில் கேட்டால் பிரித்த பெட்டியை மாற்ற முடியாதாம். விற்கும்போது கை அளவு என்ன என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மற்றபடி மெஷின் நல்ல மெஷின். எண் பெரிதாகத் தெரிகிறது, அப்பா கண்ணாடி இல்லாமலே படிக்கிறார், பழைய அளவுகளும் உள்ளே பதிவாகின்றன. ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு உயரத்தில் வைத்து, வாயைத் திறக்காமல் இரண்டு முறை பார்க்க வேண்டும். அந்த வாயைத் திறக்காமல் என்பதுதான் எங்கள் வீட்டில் கஷ்டம், பட்டை கட்டியதும்தான் அம்மாவுக்குப் பால் கணக்கு ஞாபகம் வரும். போன மாதம் மாங்காய் ஊறுகாய் ஜாடி பரண் ஏறியதிலிருந்து அப்பா மெஷினோடு பேசுவதில்லை.