ஹூண்டாய் அயோனிக் 5 என்: சூடேறினாலும் சோராத எலெக்ட்ரிக் கார்

எலெக்ட்ரிக் காரில் நேர்ரோட்டு வேகம் இப்போது பெரிய விஷயமே இல்லை. இரண்டு மோட்டாரும் பெரிய பேட்டரியும் இருந்தால் குடும்பக் கார்கூட நான்கைந்து விநாடியில் 100 கி.மீ. வேகத்தைத் தொட்டுவிடுகிறது. அதே வேகம் ஐந்தாவது தடவையும் வருமா, பத்தாவது வளைவிலும் பிரேக் அதே இடத்தில் பிடிக்குமா? பல வேகக் கார்கள் திணறுவது இங்கேதான். 2023-இல் அறிமுகமாகி, 2024-இல் 'வேர்ல்டு பெர்ஃபார்மன்ஸ் கார்' விருது வாங்கிய ஹூண்டாயின் வேக மாடல் அயோனிக் 5 என் (Ioniq 5 N), இந்த இடத்தில்தான் மற்றவற்றைவிட ஒரு படி மேலே நிற்கிறது.

முன் மோட்டார் 166 கிலோவாட், பின் மோட்டார் 282. சேர்த்து 448 கிலோவாட். ஸ்டியரிங்கில் உள்ள பூஸ்ட் பட்டனை அழுத்தினால் 10 விநாடிகளுக்கு இது 478 ஆகும். அப்போது 3.4 விநாடியில் 100 கி.மீ., உச்ச வேகம் 260. பொதுச்சாலையில் அந்தப் பட்டனுக்கு வேலையே கிடையாது. 448 கிலோவாட்டே தேவைக்கு மிஞ்சியது.

கவனிக்க வேண்டியது பேட்டரியின் வெப்பநிலை. டிராக்குக்குப் போகுமுன் பேட்டரியைத் தயார்ப்படுத்த இதில் இரண்டு வழிகள் உண்டு. நேர்கோட்டுப் பந்தயத்துக்கான 'டிராக்' (Drag) முறை பேட்டரி செல்களை 30 முதல் 40 டிகிரிக்குக் கொண்டுவரும். சூடான செல்லில் உள்மின்தடை குறைவு என்பதால் ஒரே மூச்சில் அதிக மின்சாரத்தைத் தள்ள முடியும். நேர்கோட்டில் ஒருமுறை பாய்வதற்கு இது சரி. சுற்றுப்பாதையில் ஓட்டுவதற்கான முறையோ 20 முதல் 30 டிகிரிக்குள் வைக்கும். ஒவ்வொரு சுற்றிலும் சூடு ஏறிக்கொண்டே போகும். குளிர்ச்சியாகத் தொடங்கினால்தான் பாதுகாப்பு எல்லையைத் தொட அதிக நேரம் பிடிக்கும். எல்லையைத் தொட்டதும் கார் தானாகவே பவரைக் குறைத்துவிடும். சுற்றுகளுக்குப் போகிறவர் தெரியாமல் முதல் முறையைத் தேர்ந்தெடுத்தால் சீக்கிரமே பவர் விழுந்து, காரைக் குறை சொல்ல ஆரம்பிப்பார். தயார்ப்படுத்தவே நேரமும் சார்ஜும் செலவாகும் என்பதால் கிளம்பும் நேரத்தில் பட்டனைத் தட்டிப் பயனில்லை.

இதோடு 'எண்டியூரன்ஸ்', 'ஸ்பிரிண்ட்' என்று இரண்டு தேர்வுகள். முதலாவது உச்ச பவரைக் கட்டுப்படுத்தி அதிக சுற்றுகள் ஓடவிடும். இரண்டாவது முழு பவரையும் கொடுத்துவிடும். டிராக்குக்குப் புதியவர்கள் எண்டியூரன்ஸில் தொடங்குவதே நல்லது. ஜெர்மனியில் உள்ள நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தின் 20.8 கி.மீ. நீளமுள்ள வடக்குச் சுற்றைப் பவர் குறையாமல் இரண்டு முறை சுற்ற வேண்டும் என்ற இலக்கோடு வடிவமைத்த கார் இது. 2.2 டன் எடையுள்ள எலெக்ட்ரிக் காருக்கு அது சாதாரண இலக்கு அல்ல.

பிரேக்கில் கெட்டிக்காரத்தனம் தெரிகிறது. முன்னால் 400 மி.மீ., பின்னால் 360 மி.மீ. டிஸ்க். ஆனால் மோட்டார்களே ஜெனரேட்டராக மாறி, மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பி, 0.6 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.6 மடங்கு) வரை வேகத்தைக் குறைத்துவிடுகின்றன. இதுதான் ரீஜென். டிஸ்க்குகளின் சுமை பாதிக்குமேல் அங்கேயே இறங்கிவிடும். இதில் இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது. பேட்டரி 100 சதவீதம் நிறைந்திருந்தால் திரும்பும் மின்சாரத்துக்குப் போக இடமில்லை. ரீஜென் குறைந்து முழு எடையும் டிஸ்க் தலையில் விழும். நீண்ட மலை இறக்கம் காத்திருந்தால் 85 அல்லது 90 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இன்னொன்று, தினசரி ஓட்டத்தில் டிஸ்க்குகளுக்கு வேலையே இல்லாததால் துருப் படியும். அவ்வப்போது, குறிப்பாக மழைக்குப் பிறகோ கழுவிய பிறகோ, பின்னால் வண்டி வராத நேர்ரோட்டில் நியூட்ரலுக்கு மாற்றி நாலைந்து தடவை அழுத்திப் பிரேக் பிடித்தால் பரப்பு சுத்தமாகும். டிராக்குக்குப் போகிறவர்கள் பிரேக் ஆயிலைத் தவணைக்குக் காத்திராமல் மாற்ற வேண்டும். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும்; ஈரம் ஏறிய ஆயில் சூட்டில் கொதித்துக் குமிழியானால் பெடல் பஞ்சாகிவிடும்.

செயற்கையாக 8 கியர் மாறுவது போலச் செய்யும் வசதியைப் பலர் விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்குகிறார்கள். அது தவறு. ஸ்டியரிங்குக்குப் பின்னால் உள்ள கியர் பேடலைத் தட்டும்போது வரும் குலுக்கலும் ஒலியும் வளைவுக்கு முன் எவ்வளவு வேகத்தில் வருகிறோம் என்பதை மீட்டரைப் பார்க்காமலே காதுக்குச் சொல்லிவிடும். கியரை ஏற்றாமல் விட்டால் பெட்ரோல் இன்ஜின் தன் சுழற்சி எல்லையில் (ரெவ் லிமிட்டர்) முட்டியதுபோல் வேகம் தடைபடும். ஓட்டுநருக்குத் தகவல் தரும் கருவி அது. ஊருக்குள் நிறுத்திவைத்துவிடுங்கள், நெரிசலில் அது தொல்லைதான்.

டார்க்கை, அதாவது சக்கரத்தைச் சுழற்றும் விசையை, முன்னும் பின்னும் பிரிக்க 11 நிலைகள் உள்ளன. ஈர ரோட்டில் பின் சக்கரங்களுக்கு மட்டும் தள்ளிவிட வேண்டாம். 740 நியூட்டன் மீட்டர் உடனடியாக இறங்கும் காரில் டயர் வழுக்கிய பிறகு யோசிக்க அவகாசம் இருக்காது.

டயர்தான் இதன் நிரந்தரச் செலவு. 275/35 ஆர்21, நான்கும் ஒரே அளவு என்பதால் முன்பின் மாற்றிப் போடலாம், அது ஒரு நிம்மதி. உள் விளிம்பு முதலில் தேயும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி, டார்ச் அடித்து உள்பக்கம் பாருங்கள். மாற்றும்போது லோட் இண்டெக்ஸ் (டயர் தாங்கும் எடையின் குறியீடு) ஒரிஜினலைவிடக் குறையவே கூடாது. ஸ்டெப்னி கிடையாது, பஞ்சர் கிட் மட்டுமே. பக்கச்சுவர் மெல்லியது என்பதால் குழியில் விழுந்து பக்கவாட்டில் கிழிந்தால் கிட் உதவாது, வண்டியைத் தூக்கித்தான் போக வேண்டும். தூக்கும்போது ஜாக் குறிக்கப்பட்ட இடத்தில் மட்டும்; சற்று உள்ளே போனால் பேட்டரி.

84 யூனிட் பேட்டரிக்கு டபிள்யூ.எல்.டி.பி. என்னும் ஆய்வகச் சோதனைப்படி அதிகாரபூர்வ தூரம் 448 கி.மீ. ஹைவேயில் கணக்கு வேறு. 10 சதவீதத்துக்கும் 80 சதவீதத்துக்கும் இடையில்தான் வேகமாக சார்ஜ் ஏறும் என்பதால் கைக்குக் கிடைப்பது சுமார் 59 யூனிட். 100 கி.மீ.க்கு 25 யூனிட் என்று வைத்தால் இரண்டு சார்ஜுக்கு நடுவே 235 கி.மீ.தான். ஈடுகட்டுவது 800 வோல்ட் அமைப்பு: 350 கிலோவாட் சார்ஜரில் 18 நிமிடத்தில் 10-லிருந்து 80. ஆனால் 400 வோல்ட் சார்ஜரில் மாட்டினால் வோல்டேஜைக் காரே உயர்த்திக்கொள்ள வேண்டும். வேகம் நன்றாகக் குறையும். சார்ஜரின் கிலோவாட்டை மட்டும் பார்க்காமல் அதன் வோல்ட்டையும் பாருங்கள்.

நிஜமான பலவீனம் ஐ.சி.சி.யு. என்னும் சார்ஜிங் கட்டுப்பாட்டுப் பெட்டி. அது பழுதானால் சின்ன 12 வோல்ட் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறாது. எச்சரிக்கை வந்து, பிறகு ஓட்டும் பவரே படிப்படியாகப் போய்விடும். 2024-இல் அயோனிக் 5 உள்ளிட்ட கார்களுக்கு அமெரிக்காவில் இதற்காகவே ரீகால் (பழுதைச் சரிசெய்ய நிறுவனமே கார்களைத் திரும்ப அழைப்பது) வந்தது. பழைய கார் வாங்குபவர்கள் சேஸிஸ் நம்பரைக் கொடுத்து, ரீகால் வேலைகள் முடிந்தனவா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். கூடவே லிப்ட்டில் ஏற்றி பேட்டரியின் அடித்தகட்டில் கீறலோ பள்ளமோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டிஸ்க் விளிம்பில் ஆழமான படி இருந்தால் டிராக்கில் நன்றாக ஓடிய கார்.

மலைப்பாதையோ டிராக்கோ வாய்ப்புள்ளவர்களுக்கு இதைத் தாராளமாகச் சொல்லலாம். சிக்னலில் மட்டும் பாய்வதற்கு என்றால் சாதாரண அயோனிக் 5-இன் நான்கு சக்கர இயக்க மாடலே போதும். மென்மையாகப் போகும், அதிக தூரம் ஓடும், டயரும் சீக்கிரம் கரையாது.