கால்குலிக்ஸ்: ஆய்வு மாணவர்கள் தாராளமாக நம்பலாம்

எண்முறை உருவகப்படுத்துதலில் முனைவர் பட்டத்துக்கு வருகிற தம்பி தங்கைகள் முதலில் கேட்பது, லைசென்ஸ் காசில்லாமல் எதில் பழகுவது என்பதுதான். நான் தயங்காமல் சொல்வது கால்குலிக்ஸ். மியூனிக்கில் எம்டியூ என்ற விமான எஞ்சின் நிறுவனத்தில் வேலை பார்த்த கைடோ டோன்ட், கிளாஸ் விட்டிக் இருவரும் எழுதிய ஃபைனைட் எலிமென்ட் மென்பொருள் (பொருளை எலிமென்ட் என்கிற சின்னத் துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடுவது), ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமம், மூல நிரலே கையில் கிடைக்கும். இன்புட் கோப்பு கிட்டத்தட்ட அபாகஸ் என்ற வணிக மென்பொருளுடையது மாதிரியே இருப்பதால் இங்கே பழகியது பிறகு வேலைக்குப் போனாலும் வீணாகாது.

எனக்கு ரொம்பப் பிடித்தது கையேடு. ஒவ்வொரு எலிமென்டும் உள்ளே என்ன செய்கிறது என்று விளக்குகிறது. மெல்லிய தகடுகளுக்கான ஷெல் எலிமென்டை முப்பரிமாணமாக விரித்துத்தான் கணக்கிடுகிறது என்று அதில் படித்த பிறகுதான் என் மெல்லிய தகட்டு முடிவுகள் ஏன் அப்படி வந்தன என்று புரிந்தது. கட்டுரை மதிப்பீட்டாளர் கேள்வி கேட்கும்போது கைகொடுப்பது இந்தப் புரிதல்தான்.

மாதிரியை உருவாக்கவும் முடிவுகளைப் பார்க்கவும் இதோடு வரும் சிஜிஎக்ஸ் முகப்பு மட்டும் கொஞ்சம் கஷ்டம், கட்டளைகளைத் தட்டச்சு செய்தே ஓட்ட வேண்டும். விண்டோஸ் என்றால் பிரிபோமேக்ஸ் என்ற இலவச முகப்பைப் போட்டுக்கொள்ளுங்கள், ஃப்ரீகேட் என்ற இலவச வடிவமைப்பு மென்பொருளிலும் கால்குலிக்ஸ் சால்வராக, அதாவது கணக்கைத் தீர்க்கும் பகுதியாக, ஓடும். அப்புறம், நாலு முனை டெட்ரா (நான்முக வடிவ எலிமென்ட்) வேண்டாம், பொருள் வளையும்போது உள்ளதைவிட ரொம்ப விறைப்பு காட்டும். பத்து முனை சி3டி10 எடுங்கள்.