நான்கு வருடமாக என்னைக் காக்கவைக்கும் பாஸ் பாக்ஸ்

சென்ற வாரம் எங்கள் கிளீன் ரூமின் (காற்றில் துகள்களைக் கட்டுப்படுத்தி வைக்கும் அறையின்) பாஸ் பாக்ஸில், அதாவது பொருளை உள்ளே அனுப்பும் பெட்டியில், இரண்டு கதவும் ஒன்றாகத் திறக்காமல் தடுக்கும் இன்டர்லாக் பழுது பார்க்கப்பட்டது. அன்றைக்கென்று பார்த்து நண்பர் ஒருவர் போனில் கேட்டார்: "புதுசா கிளீன் ரூம் போடுறேன். மெக்கானிக்கல் இன்டர்லாக் வாங்கவா, மேக்னட் வாங்கவா?" நான் சொன்ன பதில் கொஞ்சம் சூடாகிவிட்டது. அதனால் இப்போது நிதானமாக எழுதுகிறேன். கடைசிவரை நிதானம் தாங்குமா, பார்ப்போம்.

எங்களுடையது ஸ்டாடிக் வகை. பெட்டிக்குள் தனியாகக் காற்றோட்டம் கிடையாது. காற்றின் தூய்மைத் தரத்தில் வெளி அறை ஐஎஸ்ஓ 8, உள் அறை ஐஎஸ்ஓ 7. அதாவது 0.5 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் ஒரு கன மீட்டர் காற்றில் அந்தப் பக்கம் 35,20,000 வரை இருக்கலாம். இந்தப் பக்கம் 3,52,000ஐத் தாண்டக் கூடாது. நடுவே இரண்டு கதவு வைத்த ஒரு ஸ்டீல் பெட்டி. ஒரு கதவு திறந்திருந்தால் மற்றது திறக்கக் கூடாது. அதன் வேலையே அவ்வளவுதான். அந்த ஒரு வேலையில்தான் நான்கு வருடமாக எங்களுக்குள் மல்லுக்கட்டு.

வெளியே இருப்பவர் பொருளை வைத்துக் கதவைச் சாத்துவார். உள்ளே சிவப்பு விளக்கு அணைந்து பச்சை எரிய வேண்டும். எரியாது. வெளிக்கதவு சரியாகச் சாத்தாமல் இருக்கலாம்; சாத்தியும் மேக்னட் பிடிக்காமல் இருக்கலாம்; சர்க்யூட் போர்டே போயிருக்கலாம். மூன்றுக்கும் ஒரே சிவப்பு. உள்ளே நிற்பவர் இரண்டு அடுக்கு கையுறையோடு கண்ணாடியைத் தட்டி, "நல்லா சாத்து" என்று கையை ஆட்டுவார். வெளியே இருப்பவருக்குக் கோபம் வரும், ஓங்கி அறைவார். அறைய அறையக் கீல் தளரும், கதவு இறங்கும், அடுத்த முறை இன்னும் அதிக நேரம் சிவப்பு. கிளீன் ரூமில் துகள்களை அதிகம் உதிர்ப்பது மனிதர்தான். கையை வீசினால் இன்னும் உதிர்ப்பார். துகளைத் தடுக்க வாங்கிய பெட்டி எங்களைக் கையை வீசவைத்துக்கொண்டிருந்தது.

இரண்டாவது வருடம் கேஸ்கெட்டின் (கதவோரம் காற்றை அடைக்கும் பட்டையின்) ஒரு மூலை பசை விட்டுத் தூக்கிக்கொண்டது. மாற்றினோம், கொஞ்ச நாள் அமைதி. அப்புறம் எட்டு மாதமாகத் தினமும் கூத்து.

டெக்னீஷியன் புது போர்டோடு வந்தார். அதைப் பிரிப்பதற்கு முன், கதவில் இருக்கும் இரும்புத் தகட்டில், அதாவது மேக்னட் வந்து பிடிக்கும் தகட்டில், விரலை வைத்து ஆட்டிப் பார்த்தார். அது அசையவில்லை. "இதை யார் சார் இவ்வளவு முறுக்கினது?" என்றார். அந்தத் தகட்டின் போல்ட்டுக்குப் பின்னால் ஒரு ரப்பர் வாஷர் இருக்கிறது. தகடு லேசாக ஆட வேண்டும் என்பதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள். ஆடினால்தான் மேக்னட்டின் முகத்தோடு தட்டையாகப் போய் உட்காரும். இறுக்கிவிட்டால் ஒரு ஓரம் தொடும், மறு ஓரத்தில் மயிரிழை இடைவெளி நிற்கும். அந்த மயிரிழைக்கே மேக்னட்டின் பிடி பெருமளவு விழுந்துவிடும், சென்சார் "பூட்டவில்லை" என்று சொல்லிவிடும்.

முறுக்கியது நான்தான். மாதாந்தரப் பராமரிப்பின்போது தகடு ஆடுவதைப் பார்த்து, கண்டுபிடித்துவிட்ட பெருமையோடு ஆலன் கீ போட்டு இறுக்கியிருந்தேன். புது போர்டு பிரிக்கப்படாமலே திரும்பிப் போனது.

சரி, எட்டு மாதப் பழி என்மேல். ஆனால் மேனுவலில் 'தகட்டை இறுக்காதீர்கள்' என்று ஒரு வரி இல்லை. 'கதவு சாத்தியாயிற்று' என்பதற்கு ஒரு விளக்கும் 'பூட்டியாயிற்று' என்பதற்கு இன்னொரு விளக்கும் இருந்திருந்தால் முதல் நாளே பிடித்திருப்பேன்.

இன்னொன்று, இது நிஜமாகவே முக்கியம். இந்த மேக்னட் மின்சாரம் இருக்கும்வரைதான் பிடிக்கும். ஒரு நாள் பாஸ் பாக்ஸின் பிரேக்கர் மட்டும் ட்ரிப் ஆனது. அறைக்குக் காற்றைத் தரும் ஏர் ஹேண்ட்லிங் யூனிட் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் திறந்தார்கள். இரண்டு அறைகளுக்கும் இடையிலான அழுத்த வேறுபாட்டைக் காட்டி 15 பாஸ்கலில் நின்றிருந்த அழுத்தமானியின் முள் என் கண் முன்னே 4க்கு இறங்கியது. இப்போது பெட்டியை யுபிஎஸ்ஸில் கொடுத்திருக்கிறோம்.

பெட்டிக்குள் கிருமியைக் கொல்லப் புற ஊதா விளக்கு இருக்கிறது, 254 நானோமீட்டர். ஒளி படாத அடிப்பக்கத்தில் அதற்கு வேலையே இல்லை, எப்படியும் துடைத்துத்தான் அனுப்புகிறோம். நீலமாக எரிகிறது என்பதற்காக வீரியம் இருக்கிறது என்று நம்ப வேண்டாம்; எரிந்த மணிக்கணக்கைக் குறித்துவைத்து மாற்றுங்கள்.

எதிர்பாராமல் பிடித்துப்போனது உள்மூலைகள். எல்லாம் வளைவாக இருக்கின்றன. 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பாலியெஸ்டர் துடைப்புத் துணியை நாலாக மடித்து, மேலிருந்து கீழே ஒரே திசையில் இழுத்தால் எங்கும் தட்டாமல் வழுக்கிக்கொண்டு வரும். பழைய பெட்டியின் நேர்மூலையில் விரல் நுனியால் நோண்டிய எனக்கு இது ஒரு சுகம். யாரோ ஹைப்போகுளோரைட் போட்டுத் துடைத்து, அதன் மிச்சத்தை எடுக்காமல் விட்டதில் பெட்டியின் அடித்தளத்தில் மூன்று பழுப்புப் புள்ளிகள் விழுந்திருக்கின்றன. அது பெட்டியின் குற்றமில்லை.

நண்பருக்குப் பதில்: மெக்கானிக்கல் வாங்குங்கள். அதற்கும் தேய்மானம் உண்டு, உராயும் பாகங்கள் உண்டு, பலம் போட்டு இழுப்பவர்களும் உண்டு. ஆனால் கரண்ட் போனாலும் தடுக்கும். ஏன் திறக்கவில்லை என்பது கைக்கே தெரியும்.

எங்கள் இரண்டாவது அறைக்கு இதே மேக்னட் மாடலைத்தான் ஆர்டர் சொல்லியிருக்கிறேன். இரண்டுக்கும் ஒரே ஸ்பேர் பாகங்கள் பொருந்தும், தகடு ஆட வேண்டும் என்பதும் இப்போது தெரியும். நீங்கள் வாங்காதீர்கள்.