முள்ளுக்கம்பியில் தொடங்கிய அமெரிக்க வரலாறு: ஒரு சனிக்கிழமை வகுப்பு

முதல் நாள் சேர் ஒரு சாண் முள்ளுக்கம்பியை மேசையில் போட்டுவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்கினார். கிளிநொச்சி கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட ஒரு தனியார் கல்வி நிலையத்தில் சனிக்கிழமை பின்னேரங்களில் நடக்கும் வரலாற்று வகுப்பைப் பற்றிச் சொல்கிறேன். ஆறு கிழமை, ஒவ்வொரு நாளும் இரண்டு மணித்தியாலம், 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி அமெரிக்காதான் பாடம். மகள் உயர்தரம் படிக்கிறாள். அவளைத் தனியே பஸ்ஸில் விட மனமில்லாமல் விசுவமடுவிலிருந்து நானும் கூடப் போய், பின்வாங்கில் இருந்து ஆறு கிழமையும் கேட்டேன்.

கம்பிக்கு வருகிறேன். அதைப் பிள்ளைகளின் கையில் கொடுத்து, இந்த முள் ஏன் வழுக்கி ஓடாமல் ஒரே இடத்தில் நிற்கிறது என்று கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. வன்னியில் முள்ளுக்கம்பி காணாத பிள்ளை இல்லை, நானே எத்தனை கட்டை நட்டு இழுத்துக் கட்டியிருக்கிறேன், ஒருநாளும் கவனித்ததில்லை. ஒரு கம்பியில் முள்ளைச் சுற்றி, அதோடு இரண்டாவது கம்பியைச் சேர்த்து முறுக்கினால் முள் இறுகி நின்றுவிடும். இலினோய் மாநிலத்து விவசாயி ஜோசப் கிளிடன் 1874 இல் காப்புரிமை பெற்றது இந்த முறுக்குக்குத்தான். மரமே இல்லாத புல்வெளியில் வேலிக்குக் கதியால் வெட்ட எங்கே போவது? கம்பி வந்த பிறகுதான் அங்கே குடியேறியவர்களால் மாட்டுக்கூட்டத்திடமிருந்து பயிரைக் காப்பாற்ற முடிந்தது. மாடுகளைத் திறந்த வெளியில் விட்டு மேய்த்தவர்களின் காலமும் அதோடு முடிந்தது.

குடியேறுவோருக்கு அரச காணி கொடுத்த 1862 ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டத்தை அவர் பெர்மிட் காணி என்றே விளக்கினார். 160 ஏக்கர், ஐந்து வருடம் அதிலேயே இருந்து பயிர் செய்தால் உறுதி கைக்கு வரும். குடியுரிமை எடுக்க விரும்புவதாக எழுதிக்கொடுத்த வெளிநாட்டவரும் கேட்கலாம், குடும்பத்தைத் தாங்கும் பெண்களும் கேட்கலாம். எங்கள் 1935 காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்திலும் முதலில் பெர்மிட், பிறகு அளிப்பு என்பதால் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். எனக்குத் தொண்டை அடைத்தது. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து அப்பா காடு வெட்டித் திருத்திய ஒன்றரை ஏக்கருக்கு நாங்கள் இன்னும் பெர்மிட்டுக்காக அலைகிறோம்.

ஆறு வகுப்பிலும் மூன்றாவதைத் தவறவிடாதீர்கள், அது ரயில் பாதை. ஒமாஹாவிலிருந்து ஒரு கம்பனி மேற்கே, சாக்ரமென்டோவிலிருந்து இன்னொரு கம்பனி கிழக்கே போட்டுக்கொண்டு வந்து, 1869 மே 10 அன்று யூட்டாவின் புரமன்டரி என்ற இடத்தில் தண்டவாளம் சந்தித்தது. சியரா நெவாடா மலையில் கருங்கல்லைக் கையால் துளைத்து வெடிமருந்து வைத்துச் சுரங்கம் திறந்தவர்களில் பெரும்பாலானோர் சீனத் தொழிலாளர்கள். 1867 இல் சம சம்பளமும் குறைந்த வேலை நேரமும் கேட்டு அவர்கள் வேலையை நிறுத்த, கம்பனி அவர்களுக்குச் சாப்பாட்டுச் சாமான் போகாமல் மறித்தது, ஒரு வாரத்தளவில் பணிய வைத்தது. பாதை முடிந்து 13 வருடத்தில், 1882 இல், சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வரவே தடை, இருப்பவர்களுக்குக் குடியுரிமையும் இல்லை. சேர் அந்த இடத்தில் நிறுத்தி, எங்கள் 1948 பிரசாவுரிமைச் சட்டம் தெரியுமா என்று கேட்டார். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். தேயிலை மலையில் உழைத்து நாடற்றவராகிப்போன அவளுடைய பாட்டன் கதையை நான் பலமுறை சொல்லியிருக்கிறேன், அன்றைக்குத்தான் அது அவளுக்குள் இறங்கியது.

நியூயோர்க்கில் குடியேற வந்தவர்களைச் சோதிக்க 1892 இல் திறந்த எல்லிஸ் தீவு நிலையத்தையும் நன்றாகச் செய்தார். வந்திறங்கியவர்களின் கோட் சட்டையில் டொக்டர்மார் சோக்கால் எழுத்துப் போட்டு, நோயென்று சந்தேகித்தவர்களைத் தனியே பிரிப்பார்களாம். உருக்கு முதலாளி கார்னகி, உருக்காலைகள் எல்லாம் வேகமாக ஓடின, சரி, அது புத்தகத்திலும் கிடைக்கும்.

எனக்கு ஒரே ஒரு பெரிய மனக்குறை. இத்தனை காணியும் யாருடையது? அந்தப் பூர்வகுடிகளுக்கு கடைசி வகுப்பில் பத்து நிமிடம்தான். 1887 டாஸ் சட்டத்தால் அவர்களின் பொதுநிலத்தைத் துண்டுதுண்டாகப் பிரித்து, மிஞ்சியதை மற்றவர்களுக்கு விற்று, 13 கோடியே 80 இலட்சம் ஏக்கராக இருந்தது 1934 இல் 4 கோடியே 80 இலட்சமாகிவிட்டது. 1890 டிசம்பர் 29 அன்று வூண்டட் நீ ஓடைக்கரையில் அமெரிக்க இராணுவத்தினர் லகோட்டா பூர்வகுடி மக்களை, பெண்கள் குழந்தைகள் என்று பாராமல் சுட்டார்கள். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்தே வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைப் பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்கக் கூடாது. வகுப்பு முடிந்து சேரிடம் நேரே சொன்னேன், அடுத்த முறை ஒரு முழு நாள் ஒதுக்குவதாகச் சொன்னார்.

போக நினைப்பவர்களுக்கு: நான்கு மணிக்கு வகுப்பு, கால் மணித்தியாலம் முந்திப் போனால் மின்விசிறிக்குப் பக்கத்தில் இடம் கிடைக்கும், தகரக் கூரை என்பதால் வெக்கை தாங்காது. ரியூட்டைக் காசு கொடுத்து வாங்க முன்னம் ரயில் பாதை வரைபடம் உள்ள பக்கத்தைப் பிரித்துப் பாருங்கள். எங்களுக்குக் கிடைத்த போட்டோக்கொப்பியில் அது முழுக்கக் கறுப்பு, கலண்டர் தாளின் பின்பக்கத்தில் நானும் மகளும் திரும்ப வரைந்தோம்.