ரயில் காரிடார்: தெற்குப் பக்கமா, புக்கிட் தீமா பக்கமா?

பழைய ரயில் பாதையை ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும் என்று என் மாமனாருக்கு ரொம்ப நாளாக ஆசை. அவர் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் உள்ள குளுவாங்கில் பிறந்தவர். வேலைக்காக சிங்கப்பூர் வந்த புதிதில், லீவு கிடைத்தால் போதும், தஞ்சோங் பகாரில் ரயிலேறி ஊருக்குப் போய்விடுவாராம். அந்தப் பழைய பாதைதான் இப்போது ரயில் காரிடார் என்ற நடைபாதை, மொத்தம் 24 கிலோமீட்டர். எழுபது தாண்டிய மாமாவையும் ஏழு வயது மகளையும் கூட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் நடக்க முடியாது. அதனால் ஜூன் விடுமுறையில் ஒரு ஞாயிறு தெற்குப் பகுதிக்கும், இரண்டு வாரம் கழித்து புக்கிட் தீமா பகுதிக்கும் போனோம். இரண்டையும் பார்த்த பிறகு எனக்குச் சந்தேகமே இல்லை, குடும்பத்தோடு போவதென்றால் புக்கிட் தீமாதான்.

இரண்டுக்குமே கட்டணம் கிடையாது. எம்ஆர்டி மெட்ரோ ரயிலில் போகலாம். காலை ஏழு, ஏழரைக்குள் தொடங்கிவிடுவது நல்லது, ஒன்பது மணிக்கு மேல் வெயில் சுடும்.

தெற்கில் காமன்வெல்த்தில் இறங்கி நடந்தோம். பாதை சமதளம், பக்கத்திலேயே அடுக்குமாடி புளோக்குகள், கால் வலித்தால் வெளியேறிக் காப்பிக்கடையில் உட்காரலாம். பெரியவர்களுக்கு அது ஒரு வசதிதான். தங்ளின் ஹால்ட் என்ற பேரே அங்கே ரயில் நின்று போனதால் வந்தது. காமன்வெல்த் டிரைவில் உள்ள முனீஸ்வரன் கோயிலுக்கும் ரயிலோடு உறவு உண்டு. 1932-ல் ரயில்வே தொழிலாளர்கள் குவீன்ஸ்வேயில் தண்டவாளத்தோரம் வைத்துக் கும்பிட்ட சின்னக் கோயிலாகத்தான் அது தொடங்கியது. அங்கே கும்பிட்டுவிட்டு நடந்தது மனதுக்கு நிறைவாக இருந்தது, அதை மறுக்க மாட்டேன்.

ஆனால் ஒரு மணி நேரம் நடந்த பிறகு மகள் கேட்டாள்: "அம்மா, ரயில் பாதைன்னு சொன்னீங்களே, தண்டவாளம் எங்க?"

என் முடிவைத் தீர்மானித்தது இந்தக் கேள்விதான். 2011 ஜூன் 30 இரவு ஜொகூர் சுல்தான் இப்ராஹிம் தாமே கடைசி ரயிலை ஓட்டிப் போனார். அதுவரை மலேசிய ரயில்வேயிடம் இருந்த நிலம் மறுநாள் சிங்கப்பூர் கைக்கு வந்தது. அதன் பிறகு தண்டவாளங்களைப் பெயர்த்து மலேசியாவுக்கே கொடுத்துவிட்டார்கள். நிலையங்களிலும் பாலங்களிலும்தான் கொஞ்சம் மிச்சம். மற்ற இடமெல்லாம் புல்லும் சரளைக்கல்லும்தான். தெற்குக் கோடியில் துறைமுகத்தை ஒட்டி நிற்கும் தஞ்சோங் பகார் நிலையம் தேசிய நினைவுச்சின்னம். ஆனால் நாங்கள் போனபோது எம்ஆர்டி வேலைக்காக மூடியிருந்தது. அந்தக் கட்டடத்தில் கால் வைக்க முடிந்திருந்தால் மாமாவின் ஓட்டு தெற்குக்கே விழுந்திருக்கும்.

புக்கிட் தீமாவில் கதையே வேறு. ஹியூம் எம்ஆர்டியில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் ரயில் மால் என்ற கடைவரிசை. அங்கே அப்பர் புக்கிட் தீமா சாலைக்கு மேலே முதல் இரும்புப் பாலம். சாலையிலிருந்து எத்தனையோ தடவை அண்ணாந்து பார்த்திருக்கிறேன், மேலே ஏறி நின்றது அன்றுதான். இரும்புச் சட்டங்களில் வரிசையாக ஆணித்தலைகள், ஒவ்வொன்றும் நெல்லிக்காய் அளவு. மகள் ஒவ்வொன்றையும் தொட்டு எண்ணிக்கொண்டே வந்தாள், நாற்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டாள். அப்புறம் காட்டோரமாக நடை. குரங்குகள் வரும், தின்பண்டத்தை பிளாஸ்டிக் பையில் கையில் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். அதன் பிறகு புக்கிட் தீமா சாலையின் மேல் இரண்டாவது பெரிய பாலம். அதைத் தாண்டியதும் புக்கிட் தீமா ரயில் நிலையம்.

1932-ல் கட்டிய சின்ன நிலையம் அது. பழுதுபார்த்து 2022 ஜூலையில் மறுபடி திறந்தார்கள். நடைமேடைக்கு முன்னால் தண்டவாளம் அப்படியே கிடக்கிறது. மகள் இரண்டு கையையும் விரித்து அதன் மேல் அடிமேல் அடிவைத்து நடந்தாள். மாமா நடைமேடையில் நின்று எங்களுக்கு டோக்கன் மாற்றுவது எப்படி என்று செய்து காட்டினார். ஒற்றைப் பாதை என்பதால் எதிரும் புதிருமாக இரண்டு ரயில் வந்துவிடக்கூடாது, டோக்கன் கையில் இருக்கிற ரயில் மட்டும்தான் அடுத்த பகுதிக்குள் போகலாம். பெரிய வளையத்தில் மாட்டிய பையில் அது இருக்கும். ரயில் நிற்காமல் மெதுவாகப் போகும்போதே ஓட்டுநர் ஒன்றைக் கொடுத்துவிட்டு இன்னொன்றை வாங்கிக்கொள்வார். இந்த நிலையத்தில் 2011 வரை அப்படித்தான் நடந்தது. மாமா முழங்கை வரை வளையம் ஏறுவது போல் கையை நீட்டிக் காட்டியதும் மகளும் அதேபோல் நீட்டினாள். தெற்கில் இரண்டு மணி நேரம் நான் வாயால் சொல்லியும் அவளுக்குப் புரியாதது, இங்கே ஐந்து நிமிடத்தில் புரிந்துவிட்டது.

குறை இல்லாமல் இல்லை. ரயில் மாலிலிருந்து நிலையம் வரை ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர், நடுவில் உட்கார இடம் குறைவு. முழங்கால் வலி உள்ளவர்கள் கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டியில் இறங்கி நிலையத்தையும் பெரிய பாலத்தையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பலாம், ஒரு மணி நேரம் தாராளம். நாங்கள் போனது காய்ந்த நாளில், மழைக்குப் பிறகு சரளைப் பாதையில் குழந்தையின் தள்ளுவண்டி எப்படி ஓடும் என்பதை என் அனுபவத்தில் வைத்துச் சொல்ல முடியாது. வடக்கே கிராஞ்சிப் பக்கம் இன்னும் நடந்ததில்லை, அதனால் அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

டிசம்பரில் குளுவாங்கிலிருந்து நாத்தனார் குடும்பம் வருகிறது. மாமா இப்போதே சொல்லிவிட்டார், கிங் ஆல்பர்ட் பார்க்கில் இறங்கி முதலில் நடைமேடைக்குப் போக வேண்டுமாம்.